ஊசி போட்டு அனுப்பிர முடியுமான்னு கேட்ட தம்பிக்கு

கடையநல்லூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. பெரியப்பாவுக்குத் தொண்டையில புத்துநோய், கரண்டு (ரேடியேஷன்) வச்சு கீமோ குடுத்து எல்லாம் முடிஞ்சு, "இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுங்க"ன்னு டாக்டர் சொல்லிட்டாராம். ராத்திரி பூரா ஒறக்கம் இல்ல, விடிய விடிய "என்னைய ஒரு ஊசியப் போட்டு அனுப்பிருங்கடே"ன்னு கெஞ்சுதாராம். கருணைக்கொலைக்கு 2018-லயே சுப்ரீம் கோர்ட் அனுமதி குடுத்துட்டுன்னு பேப்பர்ல பாத்தேன், அப்படின்னா மனு யார்கிட்ட எழுதணும், கலெக்டர்கிட்டயா கோர்ட்லயா, அது பாவமா இல்லையான்னும் சொல்லுங்கன்னு கேக்காரு.

நான் 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ, கவர்மெண்ட்ல கொஞ்சம் ப்ரைவேட்ல நெறய, அதுல பாதிக்கு மேல ஐ.சி.யூ.தான். ரிட்டயர்டு ஆன பொறவு கிடையில கிடக்கவங்கள வீடு வீடாப் போயி பாக்குற ஒரு டீமோட சுத்திக்கிட்டு இருக்கேன். வக்கீல் கெடையாது. ஆனா இந்தச் சட்டத்த நாலு தடவ உக்காந்து வாசிச்சிருக்கேன், வாசிக்கும்படியா ஒண்ணு நடந்துச்சு, அத கீழ சொல்லுதேன்.

மொதல்ல நேர் பதில். ஊசி போட முடியாது தம்பி. எந்தக் கலெக்டரும் எந்த ஜட்ஜும் அதுக்கு அனுமதி குடுக்க முடியாது. பெரியப்பாவே வாய் விட்டுக் கேட்டாரு, எழுதிக் கையெழுத்துப் போட்டே குடுத்தாருன்னாலும் சரி. பதினெட்டு வயசுக்கு மேல உள்ளவர் தானா சம்மதிச்சிருந்தா குத்தம் கொலைங்கிறதுல இருந்து ஒரு படி கீழ எறங்கும், பழைய தண்டனைச் சட்டம் ஐ.பி.சி. 300-ல அஞ்சாவது விதிவிலக்கு, இப்போ அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ். 101-ல அது இருக்கு, ஆனா ஜெயில் ஜெயில்தான். சரி ஊசி வேண்டாம், மாத்திரைய எடுத்துப் பக்கத்துல வச்சிட்டு நகந்துக்கிடலாம்னு யாராச்சும் யோசன சொன்னா அதுவும் ஆகாது, தற்கொலைக்கு உடந்தைன்னு பி.என்.எஸ். 108, பத்து வருஷம் வரைக்கும் போடலாம்.

அப்போ 2018-ல என்னத்த அனுமதிச்சாவன்னா, சாகடிக்கிறது வேற, சாக விடுறது வேற. ரெண்டாவத மட்டும்தான் அனுமதிச்சாவ. இனி தேறவே மாட்டாருன்னு ஆன பொறவு வெண்டிலேட்டரையோ டயாலிசிஸையோ மாட்டாம இருக்குறது, மாட்டுனத எடுக்குறது, நெஞ்சு நின்னா ஏறி மிதிக்காம இருக்குறது (சி.பி.ஆர்.ன்னு நின்ன நெஞ்ச அமுக்குறத நான் அப்படித்தான் சொல்லுவேன், பாத்தவங்களுக்குத் தெரியும், எழுவத்தஞ்சு வயசு நெஞ்செலும்பு சுள்ளி மாதிரி ஒடியும்). பேப்பர்காரங்க இதுக்கும் கருணைக்கொலைன்னே தலைப்பு போட்டுருதாவ, அதான் கொழப்பமே. மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஐ.சி.எம்.ஆர். 2018-லயே இத கருணைக்கொலைங்கிற பேர்ல கூப்பிடாதீங்கன்னு சொல்லி தனியா வார்த்தைகள வரையறுத்து வெளியிட்டுச்சு, யாரு கேக்கா.

இங்க வந்து சேந்த வழியையும் தெரிஞ்சுக்கிடுங்க. 1994-ல ரத்தினம் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், வாழ உரிமை இருந்தா சாகவும் உரிமை உண்டுன்னு சொல்லி தற்கொலை முயற்சிக்குள்ள ஐ.பி.சி. 309-வது பிரிவு செல்லாதுன்னுச்சு. ரெண்டே வருஷம், 1996-ல ஞான் கௌர் கேஸ்ல அஞ்சு ஜட்ஜு உக்காந்து அத அடிச்சிட்டாவ, வாழுற உரிமைக்குள்ள சாகுற உரிமை வராதுன்னாவ. ஆனா அதே தீர்ப்புல, சாவு வாசல்ல வந்து நிக்கும்போது மரியாதையோட போறது வாழுற உரிமையில சேந்ததுதான்னு ஒரு பேச்ச விட்டுவச்சாவ. பின்னால வந்ததெல்லாம் அந்தக் கொடியப் புடிச்சு ஏறுனதுதான்.

அப்புறம் அருணா ஷான்பாக். பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரி நர்ஸு, எங்க நர்ஸு ஜாதி. 1973 நவம்பர் 27, அந்த ஆஸ்பத்திரி துப்புரவுத் தொழிலாளி ஒருத்தன் நாய்ச் சங்கிலியக் கழுத்துல போட்டு இறுக்கி நாசம் பண்ணிட்டுப் போனான், மூளைக்கு ரத்தம் போகாம அந்தப் புள்ள அப்படியே கெடந்துச்சு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, 2015 மே 18 வரைக்கும், நாப்பத்தியொரு வருஷத்துக்கு மேல. சொந்தக்காரங்க ஒதுங்கிட்டாவ, வேலைக்கு வந்துபோன நர்ஸுங்க தலமுற தலமுறயாப் பாத்தாவ, படுக்கைப்புண் ஒண்ணு வர விடல. படுக்கைப்புண் வராமப் பாக்குறதுன்னா என்னன்னு கிடையில கிடந்த மாமியாருக்கு ரெண்டு மாசம் செஞ்ச மருமகள்கிட்ட கேளுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும், ராத்திரியும் சேத்து. பிங்கி விரானின்னு ஒரு பத்திரிகையாளர், அருணாவுக்குச் சாப்பாட்ட நிறுத்திச் சாக விடுங்கன்னு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாவ. 2011 மார்ச் 7-ல தீர்ப்பு. கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, இந்த மாதிரி நெலமையில ஹைகோர்ட் அனுமதியோட சாக விடலாம், ஆனா அருணா விஷயத்துல அதக் கேக்க வேண்டியவங்க கூட இருந்து பாத்த நர்ஸுமாருதான், மனு போட்ட பிங்கி அம்மா இல்ல, நர்ஸுமாரு வேண்டாங்காவ, அதனால மனு தள்ளுபடி. ஊருக்கெல்லாம் கதவத் தொறந்த கேஸு அருணாவுக்குத் தொறக்கல. அது சரியா தப்பான்னு நான் நெறய நாள் மனசுக்குள்ள சண்ட போட்டிருக்கேன். ஆனா ஒண்ணு, ஒரு உசுர நிறுத்தலாமா வேண்டாமாங்கிறதுக்கு முன்னாடி, அதக் கேக்குறது யாருன்னு கோர்ட் பாத்துச்சு பாருங்க, மொத்த விவகாரத்துக்கும் அதுதான் முடிச்சு.

இப்போ என் கத. 2016, ஒரு ப்ரைவேட் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ. ஒரு ஆச்சி, எழுவத்தெட்டு வயசு, பக்கவாதம் வந்து கிட்னியும் நின்னு பத்தொம்பது நாளா வெண்டிலேட்டர்ல. மகன்மாரு மூணு பேரு. ரெண்டு கோட்ட விதைப்பாடு வயல வித்தாச்சு. டாக்டர் தேறும்னும் சொல்லல தேறாதுன்னும் சொல்லல, பாப்போம் பாப்போம்னே சொன்னாரு, அவரையும் குத்தம் சொல்ல முடியல, மெஷின எடுத்துட்டு நாளைக்கு எவனாச்சும் கேஸு போட்டா யாரு நிப்பா. கடைசில ஏ.எம்.ஏ.ன்னு நாங்க சொல்லுவோம், டாக்டர் சொல்லியும் கேக்காம எங்க சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்னு மூத்த மகன் கையெழுத்துப் போட்டாரு. ஆம்புலன்ஸ்ல நான் கூடப் போனேன், வெண்டிலேட்டரக் கழட்டிட்டு மூச்சுக் குடுக்குற ஆம்பு பேக்க மாட்டி, கையால அமுக்கிக்கிட்டே. ஆலங்குளம் ரோட்டுல முக்கா மணி நேரம், அமுக்க அமுக்க ஆச்சி நெஞ்சு ஏறி எறங்குது. வீட்டுல எறக்கி நடுவீட்டுல பாய்ல போட்டாச்சு. நான் அமுக்கிக்கிட்டே இருக்கேன். தெரு பூரா வந்து நிக்கி. மூத்தவர் என்னையப் பாத்து, "போதும் சிஸ்டர், எடுத்துருங்க"ன்னாரு. எடுத்தேன்.

பதினோரு நிமிஷம் தம்பி. சேடம் இழுத்துச்சு. கையில ஒரு சொட்டு மருந்து இல்ல, மூச்சுத்திணறல அடக்குறதுக்கு ஒண்ணும் இல்ல, பேத்தி ஒருத்தி கத்திக்கிட்டுத் தெருவுக்கு ஓடிட்டா. பால் ஊத்துனாவ, தொண்டையில எறங்கல. அப்புறம் எல்லாரும் எனக்குக் காப்பி குடுத்து அனுப்புனாவ.

வார வழியில யோசிச்சேன், நான் செஞ்சது என்ன? கொலையா, கருணையா, சும்மா டூட்டியா? யாரு சொல்லிச் செஞ்சேன்? ஆச்சி சொன்னாளா? காரியத்துக்கு அப்புறம் எளைய மக சொன்னாவ, ரெண்டு வருஷம் முன்னாடி பக்கத்து வீட்டுத் தாத்தா ஐ.சி.யூ.ல கெடந்து போனப்போ ஆச்சி சொல்லிருக்கா, "எனக்கெல்லாம் கொழாய் மாட்டிராதிய, வீட்டுல வச்சு ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு அனுப்பிருங்க"ன்னு. வாய்ச்சொல்லாப் போச்சு, யாரும் எழுதி வைக்கல, எழுதிருந்தா அந்தப் பத்தொம்பது நாளும் இல்ல, வயலும் இருந்திருக்கும். இது நம்ம ஜில்லாவுல தெனம் நடக்கு, பேப்பர்ல வராத சாக விடுறது இதுதான், ஒரு கையெழுத்து, ஒரு ஆம்பு பேக், மருந்தில்லாத பதினோரு நிமிஷம். அந்த ராத்திரிக்குப் பொறவுதான் சட்டத்த வாசிக்க ஆரம்பிச்சேன்.

2018 மார்ச் 9, காமன் காஸ்ங்கிற அமைப்பு 2005-ல போட்ட கேஸு, தீபக் மிஸ்ரா தலைமையில அஞ்சு ஜட்ஜு தீர்ப்பு. மரியாதையோட சாகுறது அரசியல் சட்டம் 21-வது பிரிவுல உள்ள உரிமை, சுயநினைவு இருக்கும்போதே நமக்கு எந்த வைத்தியம் வேணும் எது வேண்டாம்னு எழுதி வைக்கலாம், லிவிங் வில்லுன்னு பேரு. ஆனா அத எழுதுறதுக்கு ஜூடிசியல் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேணும்னு போட்டுட்டாவ, நடைமுறப்படுத்த ரெண்டு மெடிக்கல் போர்டு, ரெண்டாவது போர்ட கலெக்டர் அமைக்கணும், டாக்டர்களுக்கு இருவது வருஷ அனுபவம், அதுக்கப்புறம் மாஜிஸ்திரேட் வந்து பாக்கணும். ஒருத்தனுக்கும் ஒதவல. 2023 ஜனவரி 24-ல அதத் தளத்துனாவ. இப்போ ரெண்டு சாட்சி முன்னால கையெழுத்துப் போட்டு, நோட்டரியோ கெஜட்டட் ஆபீசரோ அட்டெஸ்ட் பண்ணாப் போதும். நமக்கு நெனவு தப்புனா முடிவு சொல்ல வேண்டியவங்க யாருன்னு அதுல பேர் எழுதணும், ஒண்ணுக்கு மேல எழுதலாம், எப்ப வேணா எழுத்து மூலமா மாத்தலாம். ஒரு காப்பி அவங்களுக்கு, ஒண்ணு குடும்ப டாக்டருக்கு, ஒண்ணு பஞ்சாயத்து இல்ல நகராட்சி ஆபீஸுக்கு. நேரம் வரும்போது ஆஸ்பத்திரியே ஒரு போர்டு வைக்கும், பாக்குற டாக்டரும் அஞ்சு வருஷ அனுபவம் உள்ள ரெண்டு பேரும், அவங்க சரின்னா ரெண்டாவது போர்டு, அதுல மாவட்ட மருத்துவ அதிகாரி அனுப்புற ஒரு டாக்டர், ஒவ்வொண்ணும் முடிஞ்சவரைக்கும் 48 மணி நேரத்துக்குள்ள. மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் சொன்னாப் போதும், அனுமதி வேண்டாம். போர்டு முடியாதுன்னுட்டா ஹைகோர்ட்டுக்குப் போலாம். லிவிங் வில்லு எழுதாதவங்களுக்கும் சொந்தபந்தம் சம்மதத்தோட இதே வழிதான். அதாவது அந்த ஆச்சிக்கு இன்னைக்கு நடந்தா, ஆஸ்பத்திரிக்குள்ளயே, மூச்சுத்திணறல் தெரியாம மருந்து குடுத்து, குடும்பம் சுத்தி இருக்க, கொழாய எடுத்திருக்கலாம்.

ஆனா எடுக்க மாட்டாவ, ஏன்னா நெறய ஆஸ்பத்திரியில இது தெரியல. கர்நாடகா 2025 ஜனவரியில ஆஸ்பத்திரிகளுக்கு இதப் பத்தி உத்தரவு போட்டுச்சு. நான் எனக்கு லிவிங் வில்லு எழுதிக்கிட்டு ஒரு நோட்டரிகிட்ட போனேன், அவரு கண்ணாடிய மாட்டிக்கிட்டு "சொத்து எத்தன செண்டும்மா?"ன்னு கேட்டாரு. உசுரு அய்யா, செண்டு இல்லன்னேன். அரை மணி நேரம் வெளக்குனேன், கடைசியில அவரே தனக்கும் ஒரு காப்பி மாதிரிக்கு எடுத்துக்கிட்டாரு. உள்ளாட்சி ஆபீஸ்ல குடுக்கப் போனா, இத எந்த ரிஜிஸ்டர்ல ஏத்துறதுன்னு தெரியாம தபால் செக்சன்ல சீல் வச்சுக் குடுத்தாவ. அந்தச் சீலு போதும் எனக்கு.

இங்க இன்னொரு வில்லங்கம் இருக்கு. மெஷின்ல இல்லாதவங்க? மூக்குல சாப்பாட்டுக் கொழாய் மட்டும் போட்டுக்கிட்டு வருஷக்கணக்கா நெனவில்லாமக் கெடக்கவங்க? டெல்லிப் பக்கம் ஒரு பையன், தலையில அடிபட்டுப் பத்து வருஷத்துக்கு மேல அப்படிக் கெடந்தான், பெத்தவங்க கேட்டப்போ 2024-ல டெல்லி ஹைகோர்ட், அவன் மெஷின்ல இல்லையே, தானா மூச்சு விடுதானே, இதுல நிறுத்த என்ன இருக்குன்னு சொல்லிட்டு, அப்புறம் அது சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. கொழாயில ஊத்துற கஞ்சி வைத்தியமா, சோறா? வைத்தியம்னா நிறுத்தலாம், சோறுன்னா பட்டினி போட்டதாகும். 2026 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட் அது வைத்தியம்தான்னு சொல்லி அந்தப் பையனுக்கு நிறுத்த அனுமதி குடுத்துச்சு, ஆனா நம்ம ஊரு அம்மாகிட்டப் போயி "உம்மகனுக்குக் கஞ்சிய நிறுத்து"ன்னு சொல்லிப் பாருங்க.

இப்போ பலரும் வாய் தொறக்காத விஷயம், தலைக்கூத்தல். விருதுநகரு, தூத்துக்குடி, நம்ம திருநெல்வேலி, மதுரப் பக்கம் பெரியவங்க எல்லாருக்கும் இந்த வார்த்தை தெரியும். கிடையில கிடக்க கெழவர வெள்ளன எழுப்பி எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி எளநி குடுத்து அனுப்பிருறது. ஊரே தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கும், வயசாளி சாவுன்னு டாக்டர் சர்டிபிகேட்டும் கிடைச்சிரும். சில பேரு இத, நம்ம முன்னோர் அந்தக் காலத்துலயே கருணைக்கொலையக் கண்டுபுடிச்சிட்டாங்கன்னு பெருமையா எழுதுதாவ. எனக்குக் கொதிக்கும். என்ன கருணை? யாரக் கேட்டாவ? நான் போற வீடுகள்ல ஒரு தாத்தா உண்டு, சங்கரன்கோவில் ரோட்டுல, இடுப்பெலும்பு ஒடிஞ்சு படுத்தவரு. புண்ணு கழுவ விடுவாரு, வேட்டி மாத்த விடுவாரு, தலையில மட்டும் ஒரு பொட்டு எண்ணெய் வைக்க விட மாட்டாரு. தல வறண்டு பொருக்குப் பொருக்கா உதிருது, தேங்காயெண்ணெய் தொட்டு வைக்கட்டுமா தாத்தான்னா என் கையப் புடிச்சுக்கிட்டு, "எண்ணெய் மட்டும் வேண்டாம் தாயி"ங்காரு. மருமக நல்ல புள்ள, அது என்னத்தையும் நெனைக்கல, மாமாவுக்கு எண்ணெய்னா அலர்ஜின்னு சொல்லுது. எனக்குத்தான் தெரியும் அது என்ன அலர்ஜின்னு.

அந்தத் தாத்தா கண்ணப் பாத்தவ நான், அதனாலதான் ஊசி போடுற சட்டம் இங்க இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லுதேன். நெதர்லாந்துல 2002-ல இருந்து டாக்டரே ஊசி போடலாம், பெல்ஜியத்துலயும் அதே வருஷம், 2014-ல அங்க கொழந்தைகளுக்கும் வழி விட்டாவ. கனடா 2016-ல சாவு நெருங்குனவங்களுக்குன்னு ஆரம்பிச்சு, 2021-ல சாவு பக்கத்துல இல்லாதவங்களுக்கும்னு விரிச்சுச்சு, மனநோய் மட்டும் இருக்கவங்களுக்கும்னு கொண்டு வந்தத 2027-க்குத் தள்ளி வச்சிருக்காவ. அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்துல டாக்டர் மருந்து எழுதிக் குடுப்பாரு, குடிக்க வேண்டியது நோயாளி கையால, ஆறு மாசத்துக்கு மேல தாங்க மாட்டாருன்னு ரெண்டு டாக்டர் சொல்லணும். எனக்கு இதுல சுவிட்சர்லாந்து சட்டம்தான் நம்ம ஊருக்குப் பொருந்தி யோசிக்க வைக்குது. அங்க தற்கொலைக்கு உதவி செஞ்சவன் சுயலாபத்துக்காகச் செஞ்சாத்தான் குத்தம், 115-வது பிரிவு. சுயலாபம்! நம்ம ஊர்ல அத எப்படிப் பிரிப்பிய? வீட்டுப் பத்திரம் கெழவர் பேர்ல, மகனுக்குக் கடன், மருமகளுக்கு வேலையும் பாத்து நைட்டு முழிக்கவும் முடியல, பக்கத்து வீட்டுல "இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் கெடக்காரா?"ன்னு வெசாரிப்பு. இத்தன பேரு பெருமூச்சுக்கு நடுவுல அந்த மனுசன் "என்ன அனுப்பிருங்க"ன்னு சொன்னா, அது அவரு சொன்னதா, நாம சொல்ல வச்சதா?

ஜெர்மனியில 1939-ல இருந்து 1941 வரைக்கும் ஹிட்லர் ஆளுங்க மனநோயாளி, மாற்றுத்திறனாளின்னு எழுவதாயிரம் பேருக்கு மேல கருணைங்கிற பேர்லதான் தீத்துக்கட்டுனாவ. அங்க இருந்து நெதர்லாந்துக்கு நேர் ரோடு போடுறது அநியாயம், ஒத்துக்கிடுதேன். ஆனா வீல்சேர்ல இருக்கவங்க இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஏன் பயப்படுதாவன்னு அதத் தெரிஞ்சாத்தான் புரியும்.

எதிர்ப்பக்கமும் சொல்லணும், இல்லன்னா நான் பொய்யி. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு டீச்சரம்மா, மோட்டார் நியூரான் நோயி, கையும் காலும் நாக்கும் ஒண்ணொண்ணா நின்னுச்சு, புத்தி மட்டும் கண்ணாடி மாதிரி. வலி இல்ல, பணக்கஷ்டம் இல்ல, புருசன் தங்கமா பாத்தாரு. எழுத்து அட்டையில கண்ணக் காட்டிக் காட்டி ஒரு நாள் சொன்னாவ, "எனக்கு வலி இல்ல. எனக்குப் போதும்." மன அழுத்தமான்னு டாக்டர வச்சுப் பாத்தோம், இல்ல. அவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல. வெண்டிலேட்டர் வேண்டாம்னு எழுதி வாங்கிக்கிட்டோம், அவங்க எழுதுன மாதிரியே போனாவ, ஆனா நடுவுல ஏழு மாசம் காத்துக் கெடந்தாவ. நாளைக்கு நெதர்லாந்து மாதிரி சட்டம் இங்க வந்தா நான் நெனைக்கப் போறது டீச்சரம்மாவ, பயப்படப் போறது எண்ணெய்த் தாத்தாவுக்காக. ஒருத்தருக்கு நியாயம் செய்யப் போயி இன்னொருத்தருக்குக் குழி வெட்டிருவமோன்னுதான் நான் இப்போதைக்கு வேண்டாங்கேன். டீச்சரம்மா இருந்தா சண்டைக்கு வருவாவ.

பாவமான்னு கேட்டிய. நான் சாமியார் இல்ல, கேட்டதச் சொல்லுதேன். 1957-ல போப் பன்னிரெண்டாம் பயஸே சொல்லிட்டாரு, அளவுக்கு மீறுன வைத்தியத்த ஏத்துக்கிட்டே ஆகணும்னு கட்டாயம் இல்லன்னு, வலிக்கு மருந்து குடுத்து அதுல ஆயுசு கொஞ்சம் கொறஞ்சாலும் நோக்கம் வலிதான்னா தப்பில்லன்னு. முஸ்லிம் பெரியவங்ககிட்ட கேட்டாலும், உசுர எடுக்க நமக்கு உரிமை இல்ல, பலனில்லாத வைத்தியத்த நிறுத்துறது வேறன்னுதான் பெரும்பாலும் சொல்லுவாவ. காந்தி 1928-ல சபர்மதி ஆசிரமத்துல, வலியில துடிச்ச ஒரு கன்னுக்குட்டிக்கு ஊசி போடச் சொல்லி ஊரு பூரா ஏச்சு வாங்குனாரு. நம்ம தமிழ்லயும் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உசுர விட்டான், செஞ்சிப் பக்கம் திருநாதர்குன்றுல சந்திரநந்தின்னு ஒரு சமண ஆசிரியர் அம்பத்தேழு நாள் உண்ணாம இருந்து போனதப் பாறையில வெட்டி வச்சிருக்கு. அந்த நோன்புதான் இன்னைக்கு வடக்க சந்தாரா, 2015-ல ராஜஸ்தான் ஹைகோர்ட் அதக் குத்தம்னுச்சு, அதே மாசம் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்ப நிறுத்தி வச்சிருச்சு. தானா வடக்கப் பாத்து உக்காந்தவரும் எண்ணெயத் தலையில வச்சு உக்கார வைக்கப்பட்டவரும் ஒரே கணக்கு இல்ல, அதோட இந்தப் பேச்ச விடுதேன். நம்ம வீடுகள்ல இழுத்துக்கிட்டுக் கெடந்தா மண்ணாசைன்னு சொல்லி வயல் மண்ணக் கரைச்சு நாக்குல தொட்டு வைப்பாவ, அவுகளா போகட்டும்னு வழிய விட்டு ஒதுங்குறது அது, அத யாரும் இதுவரைக்கும் பாவம்னு சொல்லிக் கேட்டதில்ல.

இப்போ பெரியப்பாவுக்கு வாரேன். தம்பி, நீங்க எழுதுனதுல எனக்கு மொதல்ல கண்ணுல பட்டது "ராத்திரி பூரா ஒறக்கம் இல்ல"ங்கிறதுதான். என்ன மாத்திரை குடுக்கிய? பாராசிட்டமாலா? தொண்டப் புத்துக்கு அது காட்டுத்தீக்குச் செம்புத் தண்ணி. பெரிய வலிக்குக் குடுக்குற மார்ஃபின் கேட்டியளா? போன வருஷம் வாய்ப்புத்துக்காரர் ஒருத்தரு, கன்னம் ஓட்டையாகிப் புழு வச்சு, நாத்தம் தாங்காமத் தொழுவத்துல கட்டில் போட்டுப் படுக்க வச்சிருந்தாவ. என்னையப் பாத்ததும் இதே வார்த்தை, "ஊசியப் போட்டு விட்டுரும்மா". புழுவ எடுத்து, நாத்தத்துக்கு மாத்திரையப் பொடிச்சுப் புண்ணுல தூவி, மார்ஃபின் ஆரம்பிச்சு அஞ்சாவது நாள் போறேன், நடுவீட்டுல சாஞ்சு உக்காந்திருக்காரு, பதனி சீசன், ஒரு துணியில நனச்சு ஒதட்டுல வைக்கச் சொல்லிக் கேக்காரு. நாலு மாசம் இருந்தாரு. ஊசிப் பேச்சே எடுக்கல. எல்லாரும் இப்படி மாறுவாவன்னு சத்தியம் பண்ண மாட்டேன், டீச்சரம்மா மாறல. ஆனா சாகணும்னு சொல்லுறவங்கள்ல நெறய பேரு, வலிக்கு, நாறுது, உங்களுக்குப் பாரமா இருக்கேன், இந்த மூணத்தான் சுத்தி வளச்சு சொல்லுதாவ.

மார்ஃபின் குடுத்தா அடிமையாயிருவாவ, சீக்கிரம் போயிருவாவன்னு பயமுறுத்துவாவ. டாக்டர் சொன்ன அளவுல, பையக் கூட்டிக்கிட்டே போனா அப்படி இல்ல. மலம் கட்டும், அதுக்குத் தனி மருந்து கட்டாயம் கேட்டு வாங்குங்க, பாதி வீட்டுல இத மறந்துட்டு மார்ஃபினயே நிறுத்திருதாவ. 1985 போதைமருந்துச் சட்டத்தால ரொம்ப வருஷம் இந்த மாத்திரை கண்ணுலயே படாம இருந்துச்சு, 2014-ல திருத்தம் வந்த பொறவு அங்கீகாரம் வாங்குன ஆஸ்பத்திரியில குடுக்கலாம். எல்லா மெடிக்கல் ஷாப்லயும் கிடைக்காது, அலையாதிய.

ஒங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம் நர்ஸு யாருன்னு கேளுங்க, படுத்திருக்கவங்க வீட்டுக்கு வந்து பாக்குறது அதுல உண்டு. இல்லன்னா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில பாலியேட்டிவ் பிரிவு (வலியையும் அவதியையும் கொறைக்குற பிரிவு) எங்கனன்னு விசாரிங்க, ஐகிரவுண்டுல உள்ள திருநெல்வேலி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் பெரியப்பாவத் தூக்கிக்கிட்டுப் போக வேண்டாம், மொதத் தடவ கீமோ குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட்டோட நீங்க ஒருத்தர் போயி பேசிப் பாருங்க. ராத்திரியில அவரு ரொம்ப ஒடஞ்சு பேசுனாலும், பாத்துக்கிடுற ஒங்களுக்கே முடியலன்னாலும் 14416 டெலிமானஸ், அரசோட மனநல உதவி நம்பர், தமிழ்ல பேசுவாவ.

அப்புறம், அவரால இன்னும் பேச முடியுதுன்னா, வலி கொறஞ்ச ஒரு காலையில பக்கத்துல உக்காந்து கேளுங்க, மூச்சு முட்டுனா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமா வேண்டாமா, தொண்டையில ஓட்ட போடணும்னு டாக்டர் சொன்னா சம்மதமா, யாரு முடிவு சொல்லணும்னு. அண்ணன் தம்பி எல்லாரையும் வச்சுக்கிட்டு கேளுங்க, பொறவு ஒருத்தரும் ஒருத்தரக் கைகாட்டக் கூடாது. எழுதி, ரெண்டு சாட்சி வச்சு, நோட்டரிய வீட்டுக்கே கூட்டிட்டு வந்துருங்க. சொத்து எத்தன செண்டுன்னு கேட்டாருன்னா கோவப்படாதிய.